கோட் எழுதும்போது கோபம் வந்தால்: எதைப் போடலாம், எதை விடலாம்

போன மாம்பழ சீசனில் எங்கள் மென்பொருள் ஒரு விவசாயியின் கையில் "எழவு, இன்னைக்கும் ஜீரோ" என்று சீட்டு அச்சடித்துக் கொடுத்தது.

கிருஷ்ணகிரி பெங்களூர் ரோட்டில் ஒரு மாடியில் ஐந்து பேர் உட்கார்ந்து, மண்டிகளுக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் எடைச் சீட்டு, பில், கணக்கு எல்லாம் போடும் மென்பொருள் செய்கிறோம். எடை மெஷினிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் கேபிள் லேசாகத் தளர்ந்தாலே எடை பூஜ்யம் என்று வந்துவிடும். அது ஏன் வருகிறது என்று தெரியாமல் மூன்று நாள் போராடிய எங்கள் தம்பி ஒருவர், ராத்திரி பத்து மணிக்கு, பூஜ்யம் வந்தால் காட்டும் வரியில் அப்போது வாயில் வந்ததை எழுதி வைத்தார். காலையில் எடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். காலையில் வேறு வேலை வந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து ஒரு மண்டியில் கேபிள் ஆடியது. பர்கூர் பக்கத்திலிருந்து டெம்போ நிறையப் பெங்களூரா மாங்காய் ஏற்றி வந்தவருக்கு அந்தச் சீட்டுதான் கிடைத்தது.

மண்டிக்காரர் போன் செய்தார். சத்தம் போடவில்லை. "மொத லோடும்மா. மொத லோடுக்கே எழவுன்னு எழுதிக் குடுத்திருக்கு உங்க மிஷினு" என்றார். நேரில் போய் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, சீட்டை வாங்கி வந்தேன். என் மேஜை டிராயரில் இருக்கிறது. தெர்மல் பேப்பர், எழுத்து மங்கி வருகிறது, இன்னும் படிக்க முடிகிறது.

தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. மூன்று நாளாக ஒரு பிழை பிடிபடாவிட்டால் யாருக்கும் நல்ல வார்த்தை வராது. லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலில், கோடுக்கு நடுவே எழுதி வைக்கும் குறிப்புகளான கமெண்டுகளிலேயே கெட்ட வார்த்தைகள் இருந்தன. 2018 கடைசியில் ஒருவர் அதில் ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு 'ஹக்', அதாவது கட்டிப்பிடித்தல், என்று மாற்றும் பேட்ச், அதாவது திருத்தம், அனுப்பினார். அதை ஒட்டிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. உலகத்துக்கே ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுகிறவர்களுக்கும் கோபம் வருகிறது என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு வராமல் இருக்குமா? வரும் கோபத்தைக் கொட்ட ஓர் இடம் வேண்டும், அந்த இடம் கோடாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் தேடியது.

இதற்கென்றே வேடிக்கையாகச் செய்த கருவிகள் நிறைய உண்டு. ஒரு மாதம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி கேட்டேன். திட்டு எங்கே போய்ச் சேருகிறது? யாரைத் திட்டுகிறது? முடிந்ததும் கை வேலைக்குத் திரும்புகிறதா?

மூன்றாவது கேள்விக்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸ்டீஃபன்ஸும் கூட இருந்தவர்களும் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐஸ் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொன்ன மாணவர்கள், சாதாரண வார்த்தை சொன்னபோது தாங்கியதைவிட அதிக நேரம் தாங்கினார்கள். சரி, திட்டினால் வலி குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அமெரிக்காவில் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வு வேறு பக்கத்தைக் காட்டுகிறது. 600 மாணவர்களைக் கோபப்படுத்தி, ஒரு பகுதியினரை, கோபப்படுத்திய ஆளை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தச் சொன்னார். அவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் எடுத்துக்கொண்டது இது: ஒரு சொல்லோடு முடிகிற திட்டு நல்லது, அதையே நினைத்து நினைத்துக் குத்துவது கெடுதல். கருவியும் சில விநாடியில் முடிந்து போக வேண்டும்.

முதலில் நாங்கள் போட்டது 'தி ஃபக்'. பெயரிலேயே கெட்ட வார்த்தை. 2015இல் வந்த பைத்தான் கருவி இது. டெர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தாக அடித்து வேலை வாங்கும் திரையில், ஒரு கட்டளையைத் தப்பாக அடித்து, அது பிழை காட்டியதும், எரிச்சலில் அந்தச் சொல்லை அடித்தால் போதும்: முந்தைய கட்டளையைப் பார்த்து, நீங்கள் என்ன அடிக்க நினைத்தீர்கள் என்று ஊகித்துத் திருத்திக் காட்டும். என்டர் தட்டினால் ஓடும். அம்புக்குறியை அழுத்தினால் வேறு திருத்தங்களைக் காட்டும். வேண்டாமென்றால் கண்ட்ரோல் சி. கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட்டில், புதுக் கிளையை முதல்முறை புஷ் செய்யும்போது, அதாவது சர்வருக்கு அனுப்பும்போது, போய்ச் சேர வேண்டிய இடமான அப்ஸ்ட்ரீம் இல்லை என்று நிற்குமே, அதை அப்படியே சரி செய்து நீட்டுகிறது. நிர்வாகியின் அனுமதியோடு கட்டளையை ஓட்டும் சூடோவைப் போட மறந்தால் போட்டுத் தருகிறது. திட்டுக்குப் பதிலாக வேலை நடக்கிறது. நான் பார்த்ததில் இந்த ஒன்றுதான் அப்படி.

பெயர்தான் இடைஞ்சல். எங்கள் ஆபீசில் கல்லூரி முடித்து வந்த பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், மண்டிக்காரர்கள் வந்து பின்னால் நின்று திரையைப் பார்ப்பார்கள். நல்ல வேளையாக, அந்தச் சொல்லை நமக்கு வேண்டிய பெயருக்கு மாற்றிக்கொள்ள அதிலேயே வழி இருக்கிறது. டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லின் அமைப்புக் கோப்பில் ஒரே வரி. நாங்கள் 'அய்யோ' என்று ஆங்கில எழுத்தில் நாலே எழுத்தாக வைத்துக்கொண்டோம். தப்பாக அடித்துவிட்டு 'அய்யோ' என்று அடிப்பது, நாம் வாயால் சொல்வதுதானே. இரண்டாம் நாளே எல்லோருக்கும் பழகிவிட்டது. ஓர் எச்சரிக்கை மட்டும்: கேட்காமலே ஓட்டிவிடும் வசதியும் இதில் உண்டு. அதைப் போடவே போடாதீர்கள். கோபத்தில் இருக்கும்போது என்டருக்கு முன்னால் கிடைக்கும் அந்த அரை விநாடி, டேட்டாபேஸ் இருக்கும் கணினியில் பெரிய காப்பு.

அடுத்தது ரயில். 'எஸ்எல்' என்று ஒரு சின்ன நிரல், ஜப்பானில் டொயோடா மசாஷி என்பவர் 1993இல் எழுதியது. கோப்புப் பட்டியல் பார்க்க 'எல்எஸ்' என்று அடிக்க வேண்டியதை அவசரத்தில் 'எஸ்எல்' என்று அடித்துவிட்டால், திரையின் வலப்பக்கத்திலிருந்து எழுத்துகளால் ஆன நீராவி ரயில் ஒன்று புகை விட்டுக்கொண்டு வந்து இடப்பக்கம் போகும். கண்ட்ரோல் சி அழுத்தினாலும் நிற்காது. 80 எழுத்து அகலமுள்ள திரையில் முழு ரயிலும் கடக்க ஆறேழு விநாடி ஆகும். அதுவரை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, ரயிலைப் பார்க்கத்தான் முடியும். ரயிலைப் பறக்க வைக்கவும் ஒரு வசதி இருக்கிறது.

மேலுக்கு இது எரிச்சலை அதிகமாக்கும் கருவி மாதிரி தெரியும். எங்களுக்கு நேர்மாறாக நடந்தது. எடை பூஜ்யப் பிழையில் மாட்டிய அதே தம்பி, ஒரு நாள் வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தபோது ரயில் வந்தது. கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியில் சாய்ந்தார். ரயில் போனதும் "அக்கா, நான் தப்பான ஃபோல்டர்லயே அரை மணி நேரமா நிக்கிறேன்" என்றார். கையை எடுத்ததுதான் மருந்து. கட்டாயமாக ஆறு விநாடி கையை எடுக்க வைக்கும் கருவி வேறெதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

கிருஷ்ணகிரி ஊருக்குள் இன்றைக்கு ரயில் கிடையாது. ஒரு காலத்தில் திருப்பத்தூரிலிருந்து குறுகிய பாதையில் வண்டி வந்து போனது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த எழுத்து ரயில்மேல் தனிப் பிரியம் இருக்கிறது.

'கௌசே' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொடுத்த வரியை ஒரு பசு சொல்வது போலக் கட்டம் கட்டிக் காட்டும். பிழைச் செய்தியை அதற்குள் அனுப்பினால் பசு பிழையைச் சொல்லும். ஒரு நாள் சிரிக்கலாம். தமிழில் கொடுத்தால் கட்டத்தின் வலது ஓரம் கோணலாகிவிடுகிறது.

சூடோவின் வசை வசதி வேறு ரகம். லினக்ஸில் சூடோவுக்குக் கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தால் "மறுபடி முயலுங்கள்" என்று வரும். அமைப்புக் கோப்பில் 'இன்சல்ட்ஸ்' என்று ஒரு வரி சேர்த்தால், அதற்குப் பதிலாக உங்களைக் கிண்டல் செய்து ஒரு வாக்கியம் வரும். பழைய யூனிக்ஸ் ஆட்களுக்கு இது பிடித்த விளையாட்டு. நான் வேண்டாம் என்கிறேன், காரணம் என் இரண்டாவது கேள்வி: யாரைத் திட்டுகிறது? மற்றக் கருவிகளில் நாம் மெஷினைத் திட்டுகிறோம். இதில் மெஷின் நம்மைத் திட்டுகிறது. இருபது வருஷம் டெர்மினலில் உட்கார்ந்தவருக்கு அது சிரிப்பு. அரூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, வீட்டிலேயே முதல் ஆளாகக் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமான பெண்ணுக்கு, "உனக்கு மூளை இருக்கிறதா" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால் அது சிரிப்பாக இருக்காது. அவள் அதை உண்மையென்று எடுத்துக்கொள்வாள். போட்டுப் பார்த்த அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

கோட் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் கூடுதலாகப் போடும் நீட்டிப்புகளுக்கு வருவோம். பிள்ளைகள் அதிகம் கேட்டது 'பவர் மோட்'. ஒவ்வோர் எழுத்து அடிக்கும்போதும் தீப்பொறி பறக்கும், திரை குலுங்கும், நிறுத்தாமல் அடித்தால் மேலே எண்ணிக்கை ஏறும். 2015இல் ஆட்டம் என்ற எடிட்டருக்காக வந்து பிரபலமான யோசனை. ஆட்டம் 2022 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது, பவர் மோட் மற்ற எடிட்டர்களில் உயிரோடு இருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் குத்துப் பை ஆய்வை இதில்தான் கண்ணால் கண்டேன். வேகமாக அடிப்பதற்குப் பரிசு கொடுக்கிறது. பிழை தேடும்போது வேண்டியதோ நிறுத்திப் படிப்பது. கோபத்தில் இருக்கிறவர் தீப்பொறி பறக்க அடித்துத் தள்ளிய நாற்பது வரியை மறுநாள் நான் உட்கார்ந்து அழிக்க வேண்டியிருந்தது. குலுங்குவதை மட்டும் நிறுத்திவிட்டும் பார்த்தோம், பலனில்லை.

'இன் யுவர் ஃபேஸ்' எனக்குப் பிடித்திருந்தது. டூம் என்ற பழைய வீடியோ கேமில் கீழே ஒரு வீரனின் முகம் இருக்கும், அடிபட அடிபட ரத்தம் வழியும். அதே முகம் எடிட்டரின் ஓரத்தில் இருக்கும், கோடில் பிழை கூடக் கூட அதற்கு அடி விழும். நாம் திட்டவும் வேண்டாம், நம்மை யாரும் திட்டவும் வேண்டாம். நம் பாட்டை வேறொரு முகம் படுகிறது. பிழை குறையக் குறைய முகம் தேறும். கல்லூரியிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு இது நன்றாக உதவியது, பிழைக்கு அடியில் எடிட்டர் போடும் சிவப்புக் கோடுகளைக் கண்டு பயப்படுவது குறைந்தது. குறை என்னவென்றால், எடிட்டர் கண்டுபிடிக்கும் பிழைதான் முகத்துக்குத் தெரியும். எடை பூஜ்யமாக வந்த அந்த மூன்று நாளும் எடிட்டரைப் பொறுத்தவரை கோடில் ஒரு பிழையும் இல்லை. முகம் சிரித்துக்கொண்டேதான் இருந்திருக்கும். மூளையைக் குழப்புகிற பிழை எப்போதும் அந்த ரகம்தான்.

'விஎஸ் கோட் பெட்ஸ்' என்பதில் பூனை, நாய், நண்டு என்று பல பிராணிகள் எடிட்டருக்குள் நடக்கும், பந்து எறியலாம். அதில் ரப்பர் வாத்தும் இருக்கிறது. புரோகிராமர்களுக்கு ரப்பர் வாத்து என்றால் ஒரு தனிப் பொருள் உண்டு: 1999இல் ஆண்ட்ரூ ஹண்ட், டேவிட் தாமஸ் இருவரும் எழுதிய புத்தகத்தில், பிழை பிடிபடாதபோது மேஜையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்து, கோடை வரிவரியாக அதற்கு வாய்விட்டு விளக்குவது பற்றி வருகிறது. விளக்கும்போதே தப்பு எங்கே என்று நமக்குத் தெரிந்துவிடும். எங்களுக்கு அந்த வேலையைச் செய்தது, சாயங்காலம் டீ கொண்டு வரும் அக்கா. "ஏன் பாப்பா மூஞ்சி தொங்குது?" என்று கேட்டார், எங்கள் பெண் ஒருத்தி தராசு, கேபிள், பூஜ்யம் என்று விளக்க ஆரம்பித்தாள். "ஒயர ஆட்டிப் பாத்தியா?" என்றார் அவர். காரணம் அதுதான். திரைக்குள் நடக்கும் வாத்திடம் யாரும் பேசவில்லை. மேஜையில் வைத்த உண்மையான பொம்மையிடம் பேசினார்கள். பஸ் ஸ்டாண்டில் மஞ்சள் வாத்து வாங்கி வைத்தேன். நீட்டிப்பு வேண்டாம், பொம்மை போதும்.

இப்போது நான் எதிர்பார்க்காமல் விரும்பிய ஒன்று. ஈமாக்ஸ் எடிட்டருக்குள் 'டாக்டர்' என்று ஒரு மனநல மருத்துவர் இருக்கிறார். மசாசூசெட்ஸில் எம்ஐடியில் ஜோசஃப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலைசா என்ற நிரலின் வழியில் வந்தது. நீங்கள் சொல்வதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும். அதற்கு ஒன்றும் புரியாது. எலைசாவிடம் பேசிக்கொண்டிருந்த வைசன்பாமின் செயலாளர், அவரையே அறையை விட்டு வெளியே போகச் சொன்னார் என்று அவரே எழுதியிருக்கிறார். ஒன்றும் புரியாத நிரல் என்று தெரிந்தும் மனம் திறந்துவிடுகிறது.

நான் அதில் "இந்த பில் ஓடமாட்டேன் என்கிறது, எனக்கு வெறுப்பாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் அடித்தேன். அந்த வெறுப்பைப் பற்றி இன்னும் சொல் என்கிற மாதிரி கேட்டது. சொன்னேன். நாலாவது பதிலை அடிக்கும்போது, எனக்கு வெறுப்பு பில் மேல் இல்லை, சீசனுக்கு முன்னால் பரிசோதிக்க நேரம் ஒதுக்காதது உறுத்துகிறது என்று தெரிந்தது. அதிலேயே கெட்ட வார்த்தை அடித்தால் வாயை அடக்கு என்று கண்டிக்கவும் செய்யும், அதுவும் நிரலிலேயே இருக்கிறது. எழுதியது தனியாகச் சேமித்தாலொழிய எங்கும் தங்காது. இரண்டு குறை: ஈமாக்ஸ் தெரிய வேண்டும், ஆங்கிலத்தில் பேச வேண்டும். தமிழில் கொட்டினால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு மனம் ஆறும். அதனால் இதை நான் மட்டும் வைத்துக்கொண்டேன்.

'ரெயின்போ ஃபார்ட்' 2020இல் சீனாவிலிருந்து வந்தது. நீங்கள் கோட் அடிக்க அடிக்க ஒரு குரல் பாராட்டும். நம் குரலையே பதிவு செய்து போடலாம். ஆனால் ஐந்து பேர் ஒரே அறையில் இருக்கும்போது சத்தம் ஒத்துவராது.

கடைசி இரண்டையும் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்வேன். ஒன்று, 'வாட் த கமிட்' தளம். கிட்டில் கமிட் செய்யும்போது, அதாவது ஒரு மாற்றத்தைப் பதிவு செய்யும்போது, எழுத வேண்டிய குறிப்பை அதுவே வேடிக்கையாக எடுத்துக் கொடுக்கும். பாதி விரக்தி, பாதி வசை. படிக்கச் சிரிப்பு வரும். ஆனால் கமிட் குறிப்பு வரலாற்றில் நிற்பது. அடுத்த வருஷம் மே மாதம் ராத்திரியில் மண்டியில் பில் நின்றுபோனால், எந்த மாற்றத்தால் நின்றது என்று தேடுகிறவருக்கு அந்தக் குறிப்புதான் கை விளக்கு. அங்கே போய் வேடிக்கை வசனம் இருந்தால் தேடுகிறவர் பாடு திண்டாட்டம்.

மற்றது பைத்தானில் உள்ள 'ஃபக்கிட்'. பெயர் முதல் கருவியைப் போல இருப்பதால் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டும் வேறு வேறு. இது கோடைச் சுற்றிப் போடும் உறை. உள்ளே ஒரு வரி பிழை தந்தால் அந்த வரியை எடுத்துவிட்டு மீண்டும் ஓட்டிப் பார்க்கும், பிழையே வராதவரை அப்படியே போகும். விஷுவல் பேசிக்கில் பழைய 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' தெரிந்தவர்களுக்கு இதன் குணம் புரியும். செய்தவர்கள் வேடிக்கையாகத்தான் செய்தார்கள். எங்கள் வேலையில் வைத்துப் பாருங்கள். மொத்த எடையில் கூடையின் எடை கழிய வேண்டும், அப்புறம் விலை பெருக்க வேண்டும், அப்புறம் கமிஷனும் கூலியும் கழிய வேண்டும். கூடை எடை கழிக்கும் வரி பிழை தந்தால் அந்த வரியே காணாமல் போகும். பில் அழகாக வரும். தொகை தப்பாக வரும். சீட்டில் கெட்ட வார்த்தை வந்தால் யாராவது போன் செய்து சொல்வார்கள். தப்புத் தொகை வந்தால் சீசன் முடிந்து கணக்குப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. விளையாட்டுக்குக்கூட எங்கள் கணினிகளில் இது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆக எங்கள் முடிவு இது. எல்லாக் கணினியிலும் 'அய்யோ'வும் ரயிலும். புதிதாக வந்தவர்களுக்கு, விருப்பப்பட்டால், டூம் முகம். ஆளுக்கொரு மஞ்சள் வாத்து. பவர் மோட் வேண்டுமென்றவர்கள் வீட்டு லேப்டாப்பில் போட்டுக்கொள்ளட்டும்.

இதோடு ஒரு காவலும் வைத்தோம், இது வேடிக்கையில்லை. கிட்டில் கமிட் நடப்பதற்கு முன்னால் தானாக ஓடும் சின்ன நிரல், ஹூக் என்பார்கள், ஒன்று எழுதினோம். சேர்க்கப் போகும் வரிகளில் எங்கள் பட்டியலில் உள்ள சொல் இருந்தால் கமிட்டை நிறுத்திவிடும். கோடை இன்னொரு கணினிக்கு நகலெடுக்கும்போது, அதாவது குளோன் செய்யும்போது, கிட் ஹூக்குகள் தானாக வராது, அதனால் எல்லோருக்கும் பொதுவான ஒரு ஃபோல்டரில் வைத்து, 'கோர் ஹூக்ஸ்பாத்' அமைப்பில் அதைக் காட்டிவிட வேண்டும். கமிட் கட்டளையோடு 'நோ வெரிஃபை' போட்டு இந்தச் சோதனையைத் தாண்டிப் போக முடியும் என்பதால், புஷ் ஆன பிறகு சர்வரிலும் அதே சோதனையை ஒருமுறை ஓட்டுகிறோம்.

பட்டியலைப் பிள்ளைகளே தயார் செய்தார்கள். எழவு, சனியன், கருமம், நாசம் என்று தொடங்கி, தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் அவரவர் எழுதும் எழுத்துப்படியோடு சேர்த்தார்கள். தர்மபுரிப் பக்கம் சொல்வது, ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் கலந்து சொல்வது எல்லாம் வந்தது. இப்போதைக்கு நாற்பத்திரண்டு சொல். முதல் வரியில் 'எழவு' என்று அடித்துச் சேமித்தது அந்தத் தம்பிதான்.